மூணாவது தரம் சடை சொல்லும்

காய்கறி மண்டியில் சடையக்கா என்றால்தான் அவளைத் தெரியும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டோடு சரி.

ஏலம் கூவுவது அவள் தொழில். பொழுது விடிந்தால் லாரிகள் வந்து வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் தக்காளியையும் இறக்கிவிட்டுப் போகும். கொட்டகை நடுவில் ஒரு மரமேடை. அதில் ஏறி நின்று, சரக்கைக் கையால் காட்டி விலை கேட்பாள். வியாபாரிகள் ஏற்றிக்கொண்டே போவார்கள். இனி ஏற ஆளில்லை என்று அவளுக்குப் பட்டதும் "ஒரு தரம்" என்பாள். கொஞ்சம் விட்டு "ரெண்டு தரம்" என்பாள். மூணு தரம் என்று அவள் வாய் சொன்னதே கிடையாது. முன்பக்கம் கிடக்கும் சடையைப் பிடித்து முதுகுக்கு ஒரு வீசு வீசுவாள். சடை முதுகில் விழுந்தால் ஏலம் முடிந்தது. அப்புறம் ஆண்டவனே இறங்கி வந்து கூடுதல் விலை கேட்டாலும் சரக்கு கிடையாது.

இது யாரும் உட்கார்ந்து போட்ட சட்டமில்லை. வேலைக்கு வந்த புதிதில், குனிந்து மூட்டையைப் பார்க்கும்போதெல்லாம் சடை முன்னால் விழுந்து தொல்லை கொடுத்தது. எரிச்சலில் ஒருநாள் தூக்கிப் பின்னால் போட்டாள். கடைசி விலை கேட்டவர், சரக்கு தனக்குத்தான் முடிந்தது என்று நினைத்து மூட்டைகளைத் தூக்கச் சொல்லிவிட்டார். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அதிலும் ஒரு நியாயம் இருந்தது. லாரி உறுமல், சுமைக்காரர்கள் கத்தல், தராசுச் சங்கிலிச் சத்தம் எல்லாம் சேர்ந்த அந்த இரைச்சலில் யார் என்ன சொன்னாலும் பின்வரிசைக்குக் கேட்காது. முழங்காலைத் தொடும் சடை சுழன்றால் வாசலில் பீடி பிடிக்கிறவனுக்கும் தெரியும். "முடி விழுந்தா முடிஞ்சுது" என்று சுமைக்காரர்கள் பாட்டு மாதிரி சொல்லுவார்கள்.

அந்த முடிமேல்தான் டைபாய்டு கண் வைத்தது.

காய்ச்சல் இறங்கியது. பின்னாலேயே முடியும் இறங்கியது. சீப்பில் ஒரு கொத்து, தலையணையில் ஒரு கொத்து, குளிக்கிற தண்ணீர் போகும் வழியில் ஒரு கொத்து. திரும்ப வளரும், பொறுமை வேண்டும் என்றார் டாக்டர். வளர்ந்தது, இல்லையென்று சொல்லக் கூடாது. ஆனால் தோளைத் தொட்டதும் களைத்துப்போய் நின்றுவிட்டது. அதுவும் எண்ணெய் வைத்தால் மண்டை தெரிகிற லட்சணத்தில்.

தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு மேடை ஏறினாள். மூணு தரம் என்று வாயால் சொல்லிப் பார்த்தாள். அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி இருந்தது. கையைத் தட்டிப் பார்த்தாள். மேடையைக் காலால் உதைத்தும் பார்த்தாள். வியாபாரிகளுக்கோ அது கொண்டாட்டமாகிவிட்டது. காதில் விழவில்லை என்றான் ஒருத்தன். நீ சொல்வதற்கு முன்னாலேயே நான் கேட்டுவிட்டேன் என்றான் இன்னொருத்தன்.

இதில் முதல் ஆள் ஒத்தக்காசு. மொத்த வியாபாரி, வாட்டசாட்டமான உடம்பு, வாய் நிறையக் கட்டுப்பல். எவனாவது மூச்சுப்பிடித்து ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்துகிற விலைக்கு மேல் ஒரே ஒரு காசு வைத்துச் சரக்கைத் தட்டிக்கொண்டு போகப் பார்ப்பார். அதனால்தான் அந்தப் பேர். சடை இருந்த காலத்தில் அவர் பருப்பு வேகவில்லை. விழுவதற்கு முன்னால் கேட்டாக வேண்டும், கேட்டால் விலை மறுபடி ஏறும், அதற்கு அவருக்கு மனசு வராது. இப்போது ஏலம் முடிந்து சாக்கைத் தைக்கும்போதுகூட "ஒத்தக்காசு கூட" என்று குரல் வந்தது. தினம் ஒரு தகராறு. தகராறு தீருகிற வரைக்கும் தக்காளி வெயிலில் கிடந்து வெந்தது.

மண்டி முதலாளி சத்தம் போடுகிறவர் இல்லை. அதுதான் பயமே. அவளைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சொன்னார். அடுத்த வாரம் பெரிய லோடு வருகிறது, அன்றைக்கும் இப்படிச் சண்டை வந்தால் மேடையை அவள் கொழுந்தனுக்குக் கொடுத்துவிடுவார். அவளுக்கு வேண்டுமானால் தராசுப் பக்கம் ஒரு வேலை உண்டு. கொழுந்தன் அதே மண்டியில்தான் மூட்டைக்குக் குறி போடுகிறவன். விஷயம் எட்டியதும் ஒரு கைமணி வாங்கிவிட்டான். அண்ணி காதில் விழட்டும் என்றே வீட்டு வாசலில் நின்று அடித்துப் பழகினான்.

அவள் புருஷன் பஞ்சர் கடை வைத்திருப்பவர். அதிகம் பேசமாட்டார். மணிச் சத்தம் கேட்டுவிட்டு, "ஐஸ் வண்டி வந்துருச்சுன்னு லாரிக்காரன்லாம் ஓடி வரப்போறான்" என்று மட்டும் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தராசுப் பக்கம் போய் உட்கார்ந்தால் அவள் யார்? மேடையில் இருந்தால்தான் சடையக்கா. இறங்கிவிட்டால் துணி கட்டின தலை, அவ்வளவுதான்.

உதவிக்கு வந்தது, யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து, நாத்தனார். அடுத்த தெருவில் தையல் மெஷின் போட்டிருக்கிறவள். அண்ணிக்கும் அவளுக்கும் கல்யாணமான நாளிலிருந்து ஏழாம் பொருத்தம். ஆனால் தம்பி மேடை ஏறுவதை நினைத்தால் அவளுக்கு அதைவிட வயிற்றெரிச்சல். இரவல் வாங்கிப்போன இஸ்திரிப் பெட்டியை அவன் இன்னும் திருப்பித் தரவில்லை. கிளிப் வைத்த முடி கடையில் விற்கிறது, தலையில் மாட்டிக்கொள்ளலாம் என்று அவள்தான் வந்து சொன்னாள். சவுரி மாதிரியா என்று இவள் கேட்டாள். சவுரி என்றால் அதைத் தாங்க சொந்த முடி நீளமாக இருக்க வேண்டும். இது வேர்ப்பக்கத்திலேயே கவ்விக்கொள்ளும் என்றாள் நாத்தனார்.

கடை முழுக்கக் கண்ணாடி. சுவர் நெடுக முடி தொங்கியது, ஏதோ ஒரு பெண்கள் கூட்டமே சுவருக்குள் போய்விட்டு முடியை மட்டும் வெளியே விட்டுவிட்ட மாதிரி. கடைப்பெண் பூப்போலப் பேசினாள். விசேஷத்துக்கா மேடம், தினமும் போட்டுக்கவா என்று கேட்டாள்.

"வீசுறதுக்கு" என்றாள் சடையக்கா.

கடைப்பெண் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு வகையையும் எடுத்துப் போட்டாள்.

சடையக்கா முடி வாங்கவில்லை, சரக்கு பார்த்தாள். ஒரு கொத்தைக் கை நிறைய அள்ளித் தூக்கினாள். உதறினாள். உதிர்கிறதா என்று தரையைப் பார்த்தாள். மோந்தாள். ஒன்று மினுமினு என்று பொம்மை முடிபோல இருந்தது. நாத்தனார் அதிலிருந்து ஒரு இழையைக் கேட்டு வாங்கி, தீக்குச்சி கிழித்துக் காட்டினாள். சுருண்டு மணிபோல உருகி பிளாஸ்டிக் வாடை அடித்தது. இன்னொன்றைக் கொளுத்தினாள். பொசுங்கின முடி நாற்றம் கடையெல்லாம் பரவி, சாம்பல் விரலில் உதிர்ந்தது. இதுதான் நிஜ முடி என்று சொல்லி முடிப்பதற்குள் காவலாளி ஓடி வந்தான்.

நிறம் பார்க்கும்போது இன்னும் கூத்து. கடை விளக்கில் எல்லாமே கறுப்பாகத்தான் தெரிந்தது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்துத் தக்காளி வாங்குகிறவன் உருப்பட்டதில்லை என்று சொல்லிவிட்டு, தொங்கினதை எல்லாம் தோளில் போட்டுக்கொண்டு தெருவாசலுக்கு வந்துவிட்டாள். பின்னாலேயே காவலாளி. வெயிலில் ஒன்று காக்கைச் சிறகுபோல நீலம் பாய்ந்தது. ஒன்று செம்பட்டை. தன் தலைத்துணியை அவிழ்த்தாள். தெருவில் போகிற வருகிறவர்களை அவள் பார்க்கவில்லை. சொந்த முடியின் நுனியை இழுத்துப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தாள். வேர்ப்பக்கம் அல்ல, நுனிப்பக்கம் எதோடு ஒத்துப்போகிறதோ அதுதான் சரி என்று அவள் கண்ணுக்குப் பட்டது. அது சரியான கணக்குதான் மேடம் என்று கடைப்பெண்ணும் சொன்னாள்.

கோட்டை விட்டது நீளத்தில். இடுப்பு வரைக்கும் போதும், அதற்கு மேல் போனால் கனம் தாங்காது என்று கடைப்பெண் சொன்னாள், நாத்தனாரும் சொன்னாள். இவள் கேட்கவில்லை. முழங்கால் வரை இருந்தது, முழங்கால் வரைதான் வேண்டும். பின்வரிசைக்குத் தெரிய வேண்டாமா? வீச்சு எப்படி இருக்கிறது என்று கடையிலேயே கையில் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினாள். மேஜைமேல் வரிசையாக நின்ற எண்ணெய் பாட்டில்கள் சரிந்தன. முடி பிரமாதம் என்றாள்.

வீட்டில் கண்ணாடி முன்னால் நாத்தனார் மாட்டிவிட்டாள். காதுக்கு மேலே ஒன்று, பின்மண்டையில் இரண்டு, கழுத்துக்குச் சற்று மேலே ஒன்று என்று மேல்முடியைத் தூக்கித் தூக்கிக் கிளிப்பைச் சொருகி, மேல்முடியை அதன்மேலேயே படியவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்துப் பின்னினாள். கண்ணாடியில் பழைய ஆள் வந்து நின்றாள். ஆள் ஒரு சுற்று நிமிர்ந்த மாதிரி இருந்தது. தலை கனத்தது.

"இத்தனை வருசம் இல்லாத தலைக்கனம் இப்பத்தான் வந்துருக்கு அண்ணி உங்களுக்கு" என்றாள் நாத்தனார்.

சடையக்கா கூடத்துக்கு வந்தாள். புருஷன் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு தரம் என்றாள். ரெண்டு தரம் என்றாள். வீசினாள்.

சடை பறந்தது. முதுகில் விழவில்லை, தலையை விட்டே கிளம்பிப் போய்ப் புருஷன் மடியில் விழுந்தது. மனுஷன் பாம்பு என்று அலறிக்கொண்டு, தட்டோடு பெஞ்சில் ஏறி நின்றார். நாத்தனார் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணி முகத்தைப் பார்த்த பிறகுதான் அவள் சிரிப்பு நின்றது. சடையக்கா சுவரில் சாய்ந்து, வெறும் பின்கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"மேடையில இப்படிப் பறந்தா, கொழுந்தன் மணி அடிக்கவே வேணாம். நேரா ஏறி நின்னுடுவான்."

கடையில் திருப்பி எடுக்கமாட்டார்கள். தலையில் வைத்த முடி வைத்ததுதான். வெட்டியாக வேண்டும் என்றாள் நாத்தனார். இவள் சடையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். உதிர்ந்ததைப் பொறுக்கிப் பொறுக்கி ஒரு பையில் வைத்திருந்தவள் அவள். இப்போது காசு கொடுத்து வாங்கினதையும் வெட்டச் சொல்கிறார்கள். கடைசியில் துணி வெட்டும் கத்தரி வந்தது. நாத்தனார் இடுப்பளவில் முடிமேல் சாக்கட்டியால் அடையாளம் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கோங்க அண்ணி என்றாள். சடையக்கா மூடவில்லை. கத்தரி நறநற என்று போனது. பாதி முடி பாயில் கிடந்தது. மிச்சத்தைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தாள். லேசாக இருந்தது. இதைத்தானே அந்தக் கடைப்பெண் தலைதலையாக அடித்துக்கொண்டு சொன்னாள் என்று அவளுக்கே பட்டது.

அதற்கப்புறம் மூன்று பேரும் சேர்ந்து வேலையில் இறங்கினார்கள். கிளிப் கவ்வ அடியில் ஏதாவது வேண்டும். சொந்த முடியை மண்டையோடு ஒட்டினாற்போல் ஒரு காதிலிருந்து மறு காதுக்கு நெத்திலிக் கனத்தில் பின்னி, அந்தப் பின்னலில் கிளிப்பைக் கடிக்கவிட்டாள் நாத்தனார். தையல்காரிக்கு அது மடிப்புத் தையல் மாதிரி. புருஷன் பெஞ்சிலிருந்து இறங்கி வந்து ஒரு கிளிப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல்லெல்லாம் வழுக்குது என்றார். கடைக்குப் போய் சைக்கிள் டியூப்பில் நூல்போல ரப்பர் வெட்டி எடுத்து வந்து, ஒவ்வொரு கிளிப்பின் உள்பக்கமும் ஒட்டினார். ஒட்டிவிட்டு ஊதிக் காயவைத்துக்கொண்டே, "இனி காத்து எறங்காது" என்றார்.

வீச்சையும் மாற்ற வேண்டியிருந்தது. முன்னெல்லாம் கையோடு தலையையும் ஒரு சிலுப்பு சிலுப்பினால் சடை தானாகப் போகும். இப்போது தலை அசையக் கூடாது, கை மட்டும் வேலை செய்ய வேண்டும். அடியில் பிடிக்காமல் நடுவில் பிடித்து, தோளுக்கு மேல் வழுக்கிவிட வேண்டும். மொட்டைமாடியில் நின்று கொடியில் காய்கிற புருஷன் சட்டைகளை ஏலம் விட்டுப் பழகினாள். எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியாக நீலச் சட்டைக்கு நிஜமாகவே ஒரு விலை கேட்டாள். கட்டுப்படியாகாது என்று சடையக்கா சொல்லிவிட்டாள்.

பெரிய லோடு நாள். தலையில் துணி இல்லாமல் கொட்டகைக்குள் நுழைந்தாள். சடை முன்னால் கிடந்தது. மூட்டை தூக்கிக்கொண்டு போன ஒருத்தர் பாதியில் இறக்கிவைத்துவிட்டு விசில் அடித்தார். அது வரிசையாகப் பரவியது. கொழுந்தன் மணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடைக்குப் பக்கத்திலேயே நின்றான். முதலாளி எப்போதும் நிற்கிற தூணுக்குப் பக்கத்தில் நின்றார்.

முதல் சரக்கு முடிந்தது. சடை விழுந்தபோது பின்மண்டையில் சுரீர் என்று ஒரு இழுப்பு. கிளிப் விடவில்லை. இரண்டாவது முடிந்தது. மூன்றாவதுக்குள் அவளுக்குக் குரல் திரும்பிவிட்டது. மண்டி பழைய வேகத்துக்கு வந்தது.

அப்புறம் வெங்காயம். அன்றைக்கு வந்ததிலேயே நல்ல சரக்கு, காய்ந்து சலசல என்று தோல் பேசியது. தள்ளுவண்டிக்காரிகள் ஒன்றுசேர்ந்து, காசைப் போட்டுக் கேட்டார்கள். அவர்களுக்காக ஒல்லியான ஒருத்தி முன்னால் நின்று விலை சொன்னாள். பெரிய வியாபாரிகள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். ஒத்தக்காசு வாயைத் திறக்கவில்லை.

"ஒரு தரம்."

யாருமில்லை.

"ரெண்டு தரம்."

வீசினாள். சடை முதுகில் பட்டென்று விழுந்தது. தள்ளுவண்டிக்காரிகள் சாக்கைப் பிரித்தார்கள்.

"ஒத்தக்காசு கூட."

"முடி விழுந்தாச்சு அண்ணே" என்றாள்.

ஒத்தக்காசு மேடைவரைக்கும் வந்துவிட்டார். "எந்த முடி? என் மருமகளும் இதே மாதிரி ஒண்ணு வச்சிருக்கா. வீட்டுக்கு வந்தா கழட்டி ஆணியில மாட்டுவா." கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "பொய் எடைக்கல்லு வச்சா மண்டிக்குள்ள விடுவோமா? பொய் முடிய வச்சு முடிச்சா அது மட்டும் எப்படிச் செல்லும்?"

கொட்டகை அடங்கிவிட்டது. பேச்சில் ஒரு நியாயம் இருக்கிற மாதிரி சிலர் தலையைச் சொறிந்தார்கள். முதலாளி தூணை விட்டு ஓர் அடி முன்னால் வந்தார். கொழுந்தன் மணியைக் கக்கத்திலிருந்து கைக்கு மாற்றினான்.

சடை பறந்துவிடும் என்றுதான் சடையக்கா இத்தனை நாள் பயந்தாள். பறக்கவில்லை, கெட்டியாகத்தான் இருக்கிறது. இருந்தும் எல்லார் முன்னாலும் தலையைத் தடவிப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. கீழே இறங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கை தானாகச் சடையைப் பிடித்தது. வெயிலில் நின்று ஒன்றொன்றாக ஒட்டிப் பார்த்து எடுத்த முடி. இதுவா பொய்?

"பொய் இல்ல அண்ணே, வாங்குனது" என்றாள். கூவவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். எல்லாருக்கும் கேட்டது. "சரக்கு பாத்து, விலை பேசி, காசு குடுத்து வாங்குனேன். வாங்குன பொருள் வாங்குனவங்களோடது. காலையிலேர்ந்து இந்த மேடையில நின்னு நான் வேற என்னத்தக் கத்திக்கிட்டிருக்கேன்? உங்க கிடங்குல இருக்கிற வெங்காயம் உங்க தோட்டத்துல மொளைச்சதா? அது உங்களோடதுன்னா இது என்னோடது."

ஒத்தக்காசு பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அந்த ஒல்லித் தள்ளுவண்டிக்காரி முந்திக்கொண்டாள்.

"அண்ணன் பல்லும் வாங்குனதுதான். அந்தப் பல்லு வழியா வர்ற விலைய மட்டும் நாங்க நிஜம்னு எடுத்துக்கணுமாக்கும்."

எங்கோ ஒரு சுமைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு கொட்டகைக் கூரைத் தகரம் அதிர்ந்தது. ஒத்தக்காசு ஏதோ சொல்ல வர, மேல்வரிசைப் பல் கடகட என்று ஆடியது. சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதைப் பார்த்துக் கூட்டம் இன்னொரு சுற்றுச் சிரித்தது. கொழுந்தனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அடக்கப் பார்த்ததில் மணி வேறு கிணுகிணு என்றது. அவசரமாக அதன் நாக்கைப் பிடித்துக்கொண்டான்.

முதலாளி சிரிக்கவில்லை. தூணுக்குத் திரும்பிப் போகிற போக்கில், "வெங்காயத்த ஏத்துங்க" என்றார். அவ்வளவுதான். தள்ளுவண்டிக்காரிகள் மூட்டை மேல் விழுந்தார்கள்.

வெயில் ஏறியது. தகரத்துக்குக் கீழே வேர்வை ஆறாக ஓடியது. உருளைக்கிழங்கு ஏலத்தில், ரெண்டு தரம் என்று சொல்லிவிட்டுச் சடையைப் பிடித்தபோது இடது பக்கக் கிளிப் ஒன்று நழுவுவது தெரிந்தது. சடையக்கா கையைத் தூக்கி, இருங்க என்று காட்டினாள். மேடையிலேயே, எல்லார் கண்ணுக்கும் முன்னால், கிளிப்பைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு, மேல்முடியைத் தூக்கி, அடிப்பின்னலைத் தடவிக் கண்டுபிடித்தாள். யாரும் முணுமுணுக்கவில்லை. யாரும் சாக்கில் கை வைக்கவில்லை. நிதானமாப் போடுங்கக்கா என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மொத்த மண்டியும் லாரி இஞ்சினை அணைத்துவிட்டு ஒரு கிளிப்புக்காக நின்றது.

கிளிப் கவ்வியது. சடையை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். வீசக் கையை உயர்த்தினாள்.

"ஒத்தக்காசு கூட, ஒத்தக்காசு கூட" என்று அவசர அவசரமாகக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார் அவர். ஒரு கை வாயைப் பிடித்திருந்தது, கண் சடை மேலேயே இருந்தது.

சடையக்கா கையை இறக்கினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இப்பக் கேட்டீங்க பாருங்க அண்ணே, இது செல்லும்" என்றாள். சொல்லிவிட்டு, கூட்டம் முழுவதையும் ஒரு முறை பார்த்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். "ஒரு தரம்."